காபி மெஷினுக்கு பைப் லைன் இழுத்த கதையும் முறையும்

பொள்ளாச்சியில் ஒரு கல்யாணப் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்த நேரம் போன் வந்தது. கீழ்வீட்டில் குடியிருக்கும் அம்மா. “அண்ணா, எங்க சமையக்கட்டு சீலிங்குல இருந்து தண்ணி சொட்டுதுங்க. மேல குழாய் ஏதாச்சும் தொறந்து வெச்சுட்டுப் போய்ட்டீங்களா?”

குழாய் எதுவும் திறந்திருக்கவில்லை. இரண்டு நாள் முன்பு காபி மெஷினுக்காக நானே இழுத்த கால் இன்ச் ட்யூப் கனெக்டரிலிருந்து கழன்று, தரையில் கிடந்தது. கோயம்புத்தூர் வந்து சேர்ந்தபோது மொட்டை மாடியில் இருந்த 500 லிட்டர் தொட்டி காலி. அப்புறம் வாளி வைத்து அளந்து பார்த்தேன். அந்த ட்யூப் வழியாக நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டர் போகிறது. ஆறே முக்கால் மணி நேரத்துக்குள் தொட்டி தீர்ந்துவிடும். நாங்கள் விடிகாலை ஐந்தரைக்கே கிளம்பியிருந்தோம்.

இத்தனைக்கும் நான் இருபத்தேழு வருடம் பம்பு செட் பட்டறையில் வேலை பார்த்தவன். தண்ணீரை மேலே ஏற்றுவதுதான் சோறு போட்ட தொழில். நிறுத்துவதைப் பற்றி யோசித்ததே இல்லை. கீழ்வீட்டுச் சீலிங்குக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்த பிறகு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, முதலிலிருந்து செய்தேன். தண்ணீரை மெஷின் வரை கொண்டுவர அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு இடத்திலும் அது எப்படி நிற்கும் என்று ஏற்பாடு செய்ய எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான்.

முதலில் உங்கள் மெஷினைப் பாருங்கள். டேங்கில் தண்ணீர் ஊற்றும் சாதாரண எஸ்பிரசோ மெஷின்களில் இருப்பது வைப்ரேஷன் பம்பு. பெரும்பாலும் அவை நேரடி இணைப்புக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பைப்பில் இணைக்க இடம் கொடுத்துச் செய்த மெஷினில் அனேகமாக ரோட்டரி பம்பு இருக்கும். டேங்க்கா, பைப்பா என்று மாற்ற ஒரு வால்வோ சுவிட்சோ இருக்கும், கூடவே பின்னலிட்ட ஸ்டீல் ஹோஸ் ஒன்றும் வரும். கையேட்டில் நேரடி இணைப்பு என்ற பேச்சே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். டேங்குக்குள் ஏர்கூலர் மிதவை வால்வு ஒன்றைப் பொருத்திச் சமாளிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அந்த மிதவை ஒரு நாள் சிக்கிக்கொண்டால் தண்ணீர் வழிவது மின்சாரப் பொருளுக்கு உள்ளே. நான் அதற்குப் போகமாட்டேன்.

சரி, எந்தத் தண்ணீர்? எங்கள் ஊர் வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் வரும். பகுதியைப் பொறுத்து சிறுவாணியோ பில்லூரோ நல்ல தண்ணீர். போரிலிருந்து வருவது உப்புத் தண்ணீர், சப்பைத் தண்ணி என்றும் சொல்வோம். தொட்டியும் தனி, குழாயும் தனி. சமையல்கட்டில் இரண்டு குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பிளம்பரை வைத்துச் செய்தால் எதில் எடுக்கிறார் என்று நின்று பாருங்கள். என் வீட்டுப் போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டர் (கரைந்த உப்புகளை அளக்கும் கருவி) லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் காட்டியது. அதை பாய்லருக்குள் விட்டால் சில மாதத்திலேயே சுண்ணாம்பு கட்டிவிடும். அதில் இருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் புள்ளி புள்ளியாக அரிக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் 500 வரை போதுமானது என்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை விடுகிறது. அது மனிதர் குடிப்பதற்கு. ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் காபிக்குச் சொன்ன அளவு 75-இலிருந்து 250, நடுவில் 150 குறி.

டி.டி.எஸ். மீட்டர் கடினத்தன்மையைக் காட்டாது, கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். சுண்ணாம்பு எவ்வளவு என்று தெரிய மீன் தொட்டிக் கடையில் விற்கும் சொட்டு மருந்து போதும். சொட்டு எண்ணி நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கடினத்தன்மைக்கு ஒரு பாட்டில், காரத்தன்மைக்கு ஒன்று. இரண்டையும் வாங்குங்கள்.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீரையே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். பாய்லருக்குள் ஒரு கம்பி தொங்கும். தண்ணீர் மட்டம் ஏறி அதைத் தொட்டதும், தண்ணீர் வழியாக பாய்லர் உடம்புக்கு லேசாக மின்சாரம் போகும். அதை வைத்துத்தான் மெஷினின் மின்னணு போர்டு நிரப்புவதை நிறுத்துகிறது. உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் ஓடத் தயங்கும். பாய்லர் நிறைந்தது போர்டுக்குத் தெரியாது, நிரப்பிக்கொண்டே இருக்கும். டேங்க் வைத்த மெஷினில் இரண்டு மூன்று லிட்டரோடு கதை முடியும். பைப்பில் இணைத்த மெஷினில் தொட்டி காலியாகும் வரை ஓடும், அதுவும் மேல் வால்வு வழியாக வழிந்து மின்கம்பிகள் மேல். இத்தனை நிமிடத்துக்கு மேல் நிரப்பாதே என்று சில போர்டுகளில் கெடு வைத்திருப்பார்கள், எல்லாவற்றிலும் இல்லை. ஆகவே ஆர்.ஓ. தண்ணீர்தான் வழி என்றால், அதன் பிறகு தாது சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் ஒன்று வேண்டும். வீட்டு ஆர்.ஓ.வில் இருக்கும் டி.டி.எஸ். திருகியைத் திறந்து எண்ணை ஏற்றுவது குறுக்குவழி. அது கலப்பது அதே போர் தண்ணீரைத்தான், குளோரைடும் கூடவே வரும்.

என் நல்ல தண்ணீர் மீட்டரில் 50-ஐ ஒட்டி நிற்கிறது. குறிக்குக் கீழேதான், ஆனாலும் கம்பி ஒழுங்காக உணர்கிறது, சுண்ணாம்பும் இல்லை. தொட்டி மண்ணுக்கு 5 மைக்ரான் ஃபில்டர் ஒன்று, குளோரின் வாடைக்குக் கார்பன் ஃபில்டர் ஒன்று. அதோடு சரி.

அடுத்தது பிரஷர். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார். என் தொட்டி சமையல் மேடையிலிருந்து 3 மீட்டர் உயரம், அதாவது 0.3 பார். மாடி வீடுகளில் எல்லாம் இந்தக் கதைதான். என் மெஷினின் கையேடு 2 பார் கேட்கிறது. ஒல்லி ட்யூபும் ஃபில்டரும் தாண்டிக் குறைவாகக் கொடுத்தால் ரோட்டரி பம்பு தண்ணீர் கிடைக்காமல் கரகரவென்று கத்தும். அதைக் கேட்டால் பட்டறைக்காரன் எவனுக்கும் வயிறு கலங்கும். கேவிட்டேஷன், அதாவது உள்ளே ஆவிக் குமிழி உண்டாகி உடைவது, வந்த பம்பு ரொம்ப நாள் தாங்காது. அதனால் 24 வோல்ட் டயாஃபிரம் பம்பு ஒன்று வைத்தேன், பிரஷர் சுவிட்ச் சேர்ந்தது. 3 பாரில் நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு சின்ன பிரஷர் டேங்க். இல்லாவிட்டால் ஒவ்வொரு மடக்குக்கும் பம்பு விட்டு விட்டு ஓடும். நேர்மாறாக, அடுக்குமாடியில் பிரஷர் பம்பு வைத்திருப்பவர்களுக்கு 4, 5 பார் கூட வரலாம். யாராக இருந்தாலும் மெஷினுக்கு முன்னால் ஒரு ரெகுலேட்டரும் பிரஷர் கேஜும் கட்டாயம்.

இப்போது அந்தக் கல்யாண நாளுக்கு வருகிறேன். கிளம்பும்போது பம்பின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டுத்தான் போனேன். பம்பு நின்றால் தண்ணீரும் நிற்கும் என்று நினைப்பு. டயாஃபிரம் பம்பின் உள்வால்வுகள் தண்ணீர் போகும் திசையிலேயே திறப்பவை. மேலே தொட்டி இருந்தால் பம்பு நின்றாலும் தண்ணீர் அதற்குள் புகுந்து போய்க்கொண்டே இருக்கும். சின்னப் பையனுக்குக்கூடப் பாடம் எடுத்திருப்பேன் இதை.

அதனால் இரண்டாவது தடவை வரிசையை இப்படி வைத்தேன். நல்ல தண்ணீர்க் குழாயின் ஆங்கிள் காக்கிலிருந்து ஒரு டீ, அதாவது கிளை பிரிக்கும் ‘T’ வடிவ இணைப்பு. உடனே கையால் திருப்பும் பால் வால்வு, சிங்க் அடியில் குனிந்து தேடாமல் கைக்கு எட்டும் உயரத்தில். அதற்கு அடுத்து ஒரு சோலினாய்டு வால்வு. கரண்ட் இருந்தால் திறக்கும், போனால் தானே மூடிக்கொள்ளும் வகை. அப்புறம் மண் ஃபில்டர், பம்பு, பிரஷர் டேங்க், கார்பன் ஃபில்டர், ரெகுலேட்டர், கேஜ், செக் வால்வு (தண்ணீரைப் பின்னால் திரும்ப விடாதது), கடைசியில் மெஷின். சோலினாய்டும் பம்பும் ஒரே சுவிட்சில். மெஷின் வேலை செய்யும் நேரம் மட்டும் அந்த சுவிட்ச் போட்டிருக்கும். மின்வெட்டு வந்தாலும் தண்ணீர் நின்றுவிடும். சுவிட்ச் அணைந்திருக்கும்போது எங்காவது ட்யூப் கழன்றால் பிரஷர் டேங்கில் இருக்கும் ஒன்றிரண்டு லிட்டர் வெளியே வரும், துணி போட்டுத் துடைத்துவிடலாம்.

சோலினாய்டு வாங்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். வாஷிங் மெஷின் வகை வால்வு திறப்பதற்கே கொஞ்சம் தண்ணீர் அழுத்தம் தேவை. 0.3 பாரில் சில திறக்கும், சில திறக்காது. பூஜ்ய அழுத்தத்திலும் திறக்கும் நேரடி வகை என்று கேட்டு வாங்குங்கள். நான் முதலில் வாங்கியது அழகாக ‘டிக்’ என்றது, ஒரு சொட்டு விடவில்லை.

செக் வால்வு எதற்கு என்று என் பிளம்பர் தம்பி கேட்டார். “அண்ணா, தண்ணி முன்னாடிதானுங்க போகும், இது எதுக்குங்க வெட்டிச் செலவு?” பாய்லரில் 120 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் பிரஷரோடு இருக்கிறது. லைனில் அழுத்தம் விழும் நேரம், மெஷினுக்குள் இருக்கும் வால்வு பழுதாகியிருந்தால், அது பின்னால் வரப் பார்க்கும். வீட்டுக் குடிதண்ணீர்க் குழாய்க்குள் பாய்லர் தண்ணீர் வரக்கூடாது. நூறு, நூற்றைம்பது ரூபாயில் பேரம் பேச இது இடமில்லை.

இன்னொரு காவலும் வைத்திருக்கிறேன். மெஷினுக்கு அடியில் விளிம்பு உயர்ந்த ஒரு தட்டு, அதில் ஆர்.ஓ. கடைகளில் கிடைக்கும் லீக் ஸ்டாப்பர். உள்ளே அழுத்திச் செய்த ஒரு வில்லை இருக்கும். தண்ணீர் பட்டால் ஊதி, வால்வை மூடிவிடும். கரண்டே வேண்டாம். ஒருமுறை ஊதினால் வில்லையை மாற்ற வேண்டும், இரண்டு வில்லை கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி மேடை துடைக்கும்போது ஈரத்துணி பட்டு ஒன்று வீணானது. அன்று காபி வரவில்லை. பித்தளை ஃபில்டரில் டிகாக்ஷன் போட்டுக் கொடுத்துவிட்டு, “இதுக்குப் பைப்பு வேண்டியதில்லை, வில்லையும் வேண்டியதில்லை” என்றாள்.

அடுத்து இணைப்புகள். ஒழுகுவது முக்கால்வாசி இங்கேதான்.

புஷ் ஃபிட் கனெக்டரில் ட்யூபைச் செருகுவது குழந்தை விளையாட்டு போலத் தெரியும். நான் செய்த தப்பு இரண்டு. காய்கறிக் கத்தியால் வெட்டினேன், முனை சாய்ந்துவிட்டது. அப்புறம் பாதிதான் உள்ளே போயிருந்தது. முதலில் ஒரு பிடிப்பு தெரியும், அதோடு நிறுத்திவிட்டேன். அந்தப் பிடிப்பைத் தாண்டி அழுத்தினால்தான் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்துக்குள் போய் அடியில் முட்டும். பம்பு ஓடும்போதெல்லாம் ட்யூப் துடிக்கும். துடித்துத் துடித்து இரண்டு நாளில் கழன்றது. ட்யூப் வெட்டும் கட்டர் வாங்குங்கள். நேராக வெட்டி, கனெக்டர் எவ்வளவு ஆழம் என்று வெளியே வைத்துப் பார்த்து, ட்யூபில் மார்க்கரால் கோடு போடுங்கள். கோடு மறையும் வரை தள்ளுங்கள். பிறகு பின்னால் இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் பூட்டும் கிளிப்பை மாட்டுங்கள். பம்பையும் ரப்பர் பாதத்தின் மேல் வையுங்கள்.

திருகுமரை விஷயம் இன்னும் கோளாறு. நம் வீட்டுக் குழாய்கள் பி.எஸ்.பி. எனும் பிரிட்டிஷ் மரை. மெஷினோடு வரும் ஹோஸ் பெரும்பாலும் 3/8 இன்ச் பி.எஸ்.பி. அதற்கு அரை இன்ச்சிலிருந்து குறைக்கும் பித்தளை ரெடியூசர் ஒன்று போதும். ஆனால் ஆர்.ஓ. சாமான்களில் நிறைய கால் இன்ச் என்.பி.டி. எனும் அமெரிக்க மரை. அந்த அளவில் பி.எஸ்.பி.யில் இன்ச்சுக்கு 19 மரை, என்.பி.டி.யில் 18. ஒன்றில் ஒன்றைத் திருகினால் இரண்டு சுற்று சுகமாகப் போகும், அப்புறம் இறுகும். சரியாகப் பொருந்திவிட்டது என்று நினைத்து ஸ்பேனர் போடுவீர்கள். அன்றைக்கு ஒழுகாது. ஒரு மாதம் கழித்துப் பிளாஸ்டிக் உடம்பு விரியும். கடையில் வாங்கும்போதே கையால் நான்கைந்து சுற்று திருகிப் பாருங்கள்.

டெஃப்லான் டேப்பும் எல்லா இடத்திலும் சுற்றக்கூடாது. கூம்பு மரைக்கு டேப், திருகும் திசையிலேயே. வாஷர் வைத்து முகத்தோடு முகம் அமரும் ஹோஸ் நட்டுக்கு டேப் வேண்டாம், வாஷர்தான் அடைக்கும். அதில் டேப் சுற்றினால் நட்டு முழுதாக உட்காராது.

எலியைச் சொல்ல மறந்துவிடுவேன். சிங்க் அடியில் வெள்ளை ட்யூபை எலி ஒரே இரவில் கடித்துவிடும். அலமாரிக்குள் ஓடும் பகுதி முழுவதையும் கடின பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்துக் கொண்டுபோங்கள், அல்லது ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், ஒளி புகும் ட்யூபுக்குள் பாசி பிடிக்கும். தோட்டத்து ஹோஸ் துண்டு எதையும் பயன்படுத்தாதீர்கள், காபியில் ரப்பர் நாற்றம் வரும்.

எல்லாம் மாட்டியதும் மெஷினில் கொடுக்க வேண்டாம். கடைசி முனையை வாளிக்குள் விட்டு பத்து லிட்டராவது ஓட விடுங்கள். கார்பன் ஃபில்டரின் கரித்தூளும், ஒட்டுப் பசையின் வாடையும் போக வேண்டும். சி.பி.வி.சி.யில் புதிதாகப் பசை போட்டு ஒட்டியிருந்தால் ஒரு நாள் காயவிட்ட பிறகே தண்ணீர். பிறகு முனையை அடைத்து, பம்பை 3 பார் வரை ஓடவிட்டு அணையுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் செய்தித்தாள் விரியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் வட்டமாகத் தெரிந்துவிடும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் பேப்பரையும் கேஜையும் பாருங்கள். பம்புக்குப் பின்னால் இருக்கும் கேஜ் இறங்கியிருந்தால் பேப்பர் காய்ந்திருந்தாலும் எங்கோ போகிறது. எனக்கு இரண்டாவது தடவையும் ஓர் எல்போவில் காசளவு ஈரம் இருந்தது.

மெஷினில் இணைத்த பிறகு எஸ்பிரசோ பிரஷரை மறுபடி பார்க்க வேண்டும். ரோட்டரி பம்பில் உள்ளே வரும் பிரஷர், வெளியே போகும் பிரஷரோடு சேரும். டேங்கில் 9 பார் வைத்திருந்தது பைப்பில் 11-ஐ ஒட்டிப் போய் நின்றது. பம்பின் பக்கத் திருகை இளக்கி 9-க்குக் கொண்டுவந்தேன்.

கழிவுநீரை மறந்துவிட்டுப் பைப்பை மட்டும் இழுப்பவர்கள் உண்டு. தண்ணீர் கணக்கில்லாமல் வரும்போது சொட்டுத்தட்டும் கணக்கில்லாமல் நிறையும். வடிகுழாய் ஒரே சீராகச் சரிந்து இறங்க வேண்டும், நடுவில் தொங்கினால் காபித்தூள் அங்கே உட்கார்ந்து அடைக்கும். அதன் முனையை வேஸ்ட் பைப்புக்குள் திணித்து அடைக்காமல், வாய்க்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். சாக்கடை எதிர்த்து வந்தாலும் மெஷினுக்கு ஏறாது. வாரம் ஒருமுறை ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றினால் போதும்.

மின்சாரத்துக்கு நானே கை வைக்கவில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். 16 ஆம்பியர் பிளக், உண்மையிலேயே வேலை செய்யும் எர்த், மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். பிளக் எந்தத் தண்ணீர் இணைப்புக்கும் நேர் கீழே இருக்கக்கூடாது. ஒயரைப் பிளக்குக்கு வரும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கவிடுங்கள். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

ஊருக்குப் போகும்போது சுவிட்சை மட்டும் நம்புவதில்லை, பால் வால்வையும் மூடுகிறோம். மறந்துவிடுவேன் என்று தெரிந்துதான் மனைவி ஒரு வேலை செய்தாள். வாசல் பூட்டுச் சாவியின் ஆணியை வாசலிலிருந்து பிடுங்கி, பால் வால்வுக்குப் பக்கத்தில் அடித்துவிட்டாள். சாவி எடுக்க அங்கேதான் போக வேண்டும். திரும்பி வந்ததும் முதல் இரண்டு லிட்டரைக் காபிக்கு எடுப்பதில்லை. கார்பன் ஃபில்டரில் நாள்கணக்காகத் தேங்கிய தண்ணீர் அது, செடிக்கு ஊற்றிவிடுகிறோம்.